ஆம்பூரில் நடந்தது கலவரம் மட்டும்தானா?

(ஆம்பூரில் தோல் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசிய பேச்சு.)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு வந்த பெண்கள் நாலைந்து பேரை எனக்குத் தெரிகிறது. மாதனூர்ப் பக்கத்திலிருந்து களை வெட்டிய கையோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அலங்காரப் பேச்சுக்கு இங்கே நேரமில்லை. விஷயத்துக்கே வருகிறேன்.

வெளியூரில் போய் ஆம்பூர் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் பிரியாணி என்பார்கள். அடுத்தது தோல், ஷூ. மூன்றாவதாக, “2015-ல் கலவரம் நடந்ததே, அந்த ஊர்தானே?” என்பார்கள். சரி, அந்தக் கலவரம் எதற்காக நடந்தது என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் வராது. பஸ் எரிந்தது ஞாபகம் இருக்கிறது. செத்தவன் பேர் ஞாபகம் இல்லை. இது தற்செயலாக நடந்த மறதியா? இல்லை என்று சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

செத்தவர் பேர் ஷமீல் அகமது. வயது 26. இந்த ஊர்ப் பையன். உங்களைப்போல ஷூ கம்பெனியில் வேலை செய்தவன். 2015 மே மாதக் கடைசியில் பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு இளம்பெண்ணைக் காணோம் என்று அவள் கணவர் புகார் கொடுத்தார். அந்தப் பெண்ணும் ஷமீலும் ஒரு காலத்தில் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள். ஆகவே ஷமீலை விசாரிக்க வேண்டும் என்று பள்ளிகொண்டா போலீஸ் ஜூன் 15-ந் தேதி கூட்டிக்கொண்டு போனது. காணாமல்போன பெண்ணைப் பற்றித் தெரிந்தவனை விசாரிப்பது தப்பா? தப்பில்லை. கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் கேட்டு முடிக்க வேண்டிய கேள்விக்கு எத்தனை நாள் பிடித்தது? 19-ந் தேதிதான் வெளியே விட்டார்கள். வந்தவன் நடமாடுகிற நிலையில் வரவில்லை. ஆம்பூர் ஆஸ்பத்திரி, வேலூர் ஆஸ்பத்திரி, கடைசியில் சென்னை பெரிய ஆஸ்பத்திரி. ஜூன் 26-ந் தேதி உயிர் போய்விட்டது. ஸ்டேஷனில் வைத்து அடித்ததுதான் காரணம் என்பது குடும்பத்தார் புகார். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போயிற்று.

அந்தப் பெண் என்ன ஆனாள்? ஜூலை முதல் வாரத்தில் சென்னையில் நல்லபடியாக உயிரோடு இருந்தது தெரிந்து, ஐகோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தேடப்பட்டவள் பிழைத்திருந்தாள். தெரியுமா என்று கேட்கக் கூட்டிப் போனவன் செத்துப் போயிருந்தான். தாய்மார்களே, இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆம்பூர் சம்பவம் என்றால் முதலில் இதுதான்.

இரண்டாவது நடந்தது ஜூன் 27-ந் தேதி. சாவுச் செய்தி ஊருக்கு வந்ததும் ஜனங்கள் கூடினார்கள். இன்ஸ்பெக்டரைக் கைது செய் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அந்தக் கூட்டத்தை நடத்துவதற்கு யாரும் இல்லை. தேசிய நெடுஞ்சாலை நின்றது. கல் பறந்தது. பஸ்ஸும் போலீஸ் வண்டியும் எரிந்தன. டாஸ்மாக் கடையைத் தாக்கினார்கள். பெண் போலீஸ் உட்பட ஏராளமான போலீஸார் காயம்பட்டார்கள். அந்தப் பெண் போலீஸ் யார்? அவளும் ஏதோ ஒரு கூலிக்காரன் வீட்டிலிருந்து பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள்தான். பள்ளிகொண்டா ஸ்டேஷனில் நடந்ததற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. அவளைத் துரத்தி அடித்ததை எந்தத் தொழிலாளியும் நியாயப்படுத்த முடியாது. நானும் நியாயப்படுத்த வரவில்லை.

மறுநாள் பத்திரிகையைப் பாருங்கள். எரிந்த பஸ் முதல் பக்கத்தில் வந்தது. ஷமீலின் சாவு அதன் அடியில் போயிற்று. அதற்கு மறுநாளிலிருந்து தெருத்தெருவாகக் கைது. யார் கல் எறிந்தது, யார் வேடிக்கை பார்த்தது என்று பார்த்தா பிடித்தார்கள்? பத்து வருஷம் அந்த வழக்கு நடந்தது. 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 22 பேர் குற்றவாளிகள். 161 பேர் விடுதலை. கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேரைக் கூண்டில் ஏற்றினால் ஏழு பேர்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை! அந்த 161 பேரும் பத்து வருஷம் வாய்தாவுக்கு வாய்தா கூலியை இழந்து கோர்ட்டு வாசலில் நின்றவர்கள். வாய்தா நாளில் லீவு கேட்டால் கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து வருஷக் கூலியை யார் திருப்பித் தருவது?

இந்த ஊருக்கு ‘கலவர வழக்கு’ தெரியும். அந்த வழக்கில் போலீஸ் வாதி, ஜனங்கள் பிரதிவாதி. ஆனால் முதலில் இருந்த வழக்கு என்ன? அதில் ஜனங்கள் வாதி, போலீஸ் பிரதிவாதி. ஒரே ராத்திரியில் இடம் மாறிப்போயிற்று. முதல் கல்லை எறிந்தவன் யாராயிருந்தாலும் சரி, கோபத்தில் எறிந்திருந்தாலும் சரி, கூலி வாங்கிக்கொண்டு எறிந்திருந்தாலும் சரி, அவன் அந்த இன்ஸ்பெக்டருக்கு வக்கீல் ஃபீஸ் இல்லாமல் வேலை செய்தான்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. காணாமல்போன பெண் இந்து, செத்த பையன் முஸ்லிம். போதாதா? மதவெறிக் கும்பல்கள் அடுப்பில் விறகு போல இதை எடுத்துச் செருகிக்கொண்டன. ஒரு பக்கம், “பார்த்தாயா, நம் பெண்ணைக் கொண்டுபோனவனுக்காக ஊரைக் கொளுத்துகிறார்கள்” என்றது. இன்னொரு பக்கம், “இது நம் மதத்தின்மேல் விழுந்த அடி” என்றது. தோல் ஆலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறபோது இந்துத் தொழிலாளியின் கால் ஒரு விதமாகவும் முஸ்லிம் தொழிலாளியின் கால் ஒரு விதமாகவும் வெந்துபோகிறதா? சேரியிலிருந்து வருகிற தோழனும் மசூதித் தெருவிலிருந்து வருகிற தோழனும் ஒரே டிரம்மைத்தான் உருட்டுகிறார்கள். ஷமீல் லாக்கப்பில் அடிபட்டது முஸ்லிம் என்பதால் மட்டும்தான் என்றால், திருப்புவனத்தில் அஜித்குமார் அடிபட்டது எதனால்? சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் அடிபட்டது எதனால்? மூன்று ஊர், மூன்று மதம். ஆனால் ஒரே லத்தி. கேட்பதற்கு ஆள் இல்லாதவன் என்று தெரிந்துவிட்டால் போதும், அந்த லத்தி ஓங்கும். முஸ்லிம் என்றோ தலித் என்றோ இருந்துவிட்டால் அந்த ஆளில்லாத்தனம் இரட்டிப்பாகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் இந்த லத்தி எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு கெட்ட இன்ஸ்பெக்டர் மனதிலிருந்து வந்ததா? நான் பத்தாவது வரை படித்தவன். மீதியைக் கட்சி ஆபீசில் படித்தேன். அங்கே படித்ததில் ஒன்றைச் சொல்கிறேன்.

1855-ல் இந்தச் சென்னை மாகாணத்திலே சித்திரவதையைப் பற்றி விசாரிக்க வெள்ளைக்காரனே போட்ட கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி கட்டாத குடியானவனை என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. இரண்டு குச்சிகளுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவது. அதற்குக் கிட்டி என்று பேர். கழுத்துக்கும் காலுக்கும் கயிறு கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது. முதுகில் கல்லை ஏற்றுவது. வரி வசூலிக்கிற சேவகனும் போலீஸ் வேலை பார்க்கிற சேவகனும் அன்றைக்கு ஒரே ஆள். அடித்தவனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அடித்தவனுடைய மேலதிகாரியிடம். அதற்கு நெடுந்தூரம் நடந்து போக வேண்டும், வேலை கெடும், போய்ச் சேர்ந்தாலும் மனு திரும்ப அதே தாசில்தாரிடம் வரும். இரண்டு வருஷம் கழித்து, 1857-ல், சிப்பாய்கள் கொடுமை செய்துவிட்டார்கள் என்று லண்டனில் கூக்குரல் எழுந்தபோது, காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார். உங்கள் சர்க்காரே அச்சடித்த இந்த அறிக்கையைப் படித்தீர்களா என்று கேட்டார். யோசித்துப் பாருங்கள். நம் பாட்டனுக்குப் பாட்டன் விரலில் மாட்டிய கிட்டியைப் பற்றி மார்க்ஸ் எழுதியிருக்கிறார்!

அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூல் வேறு, போலீஸ் வேறு என்று பிரித்தார்கள். ஆனால் கிட்டி போனதா? பேர் மாறியது. வெள்ளைக்காரன் போனான், அந்தச் சட்டம் போகவில்லை. குடியரசு பிறந்த பதினாறாவது நாள், 1950 பிப்ரவரி 11, சேலம் ஜெயிலில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற வயதானவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வாலிபர்களுக்குச் சொல்கிறேன். பூட்டிய கதவுக்கு உள்ளே, ஓடுவதற்கு இடமில்லாத இடத்தில், கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். கொடி மாறிவிட்டால் லத்தி தானாக மாறிவிடும் என்று நாம் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது.

சரி, சரித்திரம் போதும். நாளைக்குக் காலையில் உங்கள் தெருவில் ஒரு பையனைக் கூட்டிப்போனால் என்ன செய்வது? இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

முதலில் ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ளுங்கள். ‘விசாரணை.’ போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து, “சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்மா” என்பார். கைது என்று சொல்லமாட்டார். ஏன் தெரியுமா? கைது என்று சொன்னால் காகிதம் பிறந்துவிடும். கைது செய்தவனை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவே சொல்கிறது. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் விவரமாகச் சொன்னது. பிடிக்கிற போலீஸ்காரர் சட்டையில் பேர் தெரிய வேண்டும். இன்ன நேரம், இன்ன இடத்தில் பிடித்தோம் என்று குறிப்பு எழுதி, வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இவ்வளவும் ‘கைது’ என்ற வார்த்தைக்குப் பின்னால் வருகிறது. ‘விசாரணை’ என்று சொல்லிவிட்டால்? அவன் ஸ்டேஷனில் இருக்கிறான், ஆனால் ஸ்டேஷன் காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இல்லாதவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஷமீலைக் கூட்டிப்போனதும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைக் கூட்டிப்போனதும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டேஷன் பேரும் வேண்டாம், ஆலை பேரும் வேண்டாம். பதனிட்ட தோல் சில கட்டுகள் குறைகிறது என்று முதலாளி புகார் சொன்னார். விடியற்காலையில் ஒரு தொழிலாளியைக் கூட்டிப்போய்விட்டார்கள். அவன் தாயார் அழுதுகொண்டு சங்க ஆபீசுக்கு வந்தார்கள். நானும் அவர்களும் ஸ்டேஷனுக்குப் போனோம். “அப்படி யாரையும் நாங்கள் கூட்டி வரவில்லையே” என்றார் பாரா. நான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். அந்த அம்மா பேசவே இல்லை. வாசற்படிக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, “தம்பி, அது அவன் செருப்பு. வார் அறுந்ததுக்கு நான்தான் தையல் போட்டேன்” என்றார்கள்.

நேராகத் தபால் ஆபீசுக்குப் போனோம். மாஜிஸ்டிரேட்டுக்கு ஒன்று, மாவட்ட எஸ்.பி.க்கு ஒன்று, மனித உரிமைக் கமிஷனுக்கு ஒன்று. மூன்று தந்தி. இன்ன பேருள்ளவனை இன்று காலை இத்தனை மணிக்கு இன்ன ஸ்டேஷன் போலீஸ் கூட்டிப்போனது, இதுவரை கோர்ட்டில் நிறுத்தவில்லை, உயிருக்கு ஆபத்து. அவ்வளவுதான் வாசகம். ரசீதில் தேதியும் நேரமும் குத்தியிருந்தது. அந்த ரசீதை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டேஷனுக்கு வந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சங்கத்துத் தோழர்கள் முப்பது பேர் வந்தார்கள். கோஷம்கூடப் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு அவனைப் பின்வாசல் வழியாக வெளியே விட்டார்கள். கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட முடியவில்லை அவனால். ஆனால் உயிரோடு வந்தான். தோல் கட்டை யார் எடுத்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவனுக்கு வேலை போனதுதான் மிச்சம்.

தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. அதனால் என்ன? இன்றைக்கு உங்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நேரம் பதிவாகிற எதுவும் தந்திதான். மாஜிஸ்டிரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் ஈ-மெயில் அனுப்பலாம். பதிவுத் தபால் அனுப்பலாம். 100-க்குப் போன் செய்து சொன்னால் அதுவும் பதிவாகும். போன உடனே செய்ய வேண்டும். “ராத்திரி வரைக்கும் பார்ப்போம், அவர்களுக்குக் கோபம் வந்துவிடப்போகிறது” என்று காத்திருப்பதுதான் பெரிய தப்பு. அடி விழுவது அந்த முதல் ராத்திரியில்தான்.

காமிரா விஷயம் ஒன்று. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும் லாக்கப் உட்பட காமிரா வைக்க வேண்டும், படத்தைக் குறைந்தது ஒரு வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று சொன்னது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லித் தகப்பனையும் மகனையும் கூட்டிப்போனார்கள். இரண்டு பேரும் ஒரு நாள் இடைவெளிக்குள் செத்தார்கள். ஸ்டேஷனில் காமிரா இருந்தது. ஆனால் படம் அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள்! அப்புறம் உண்மை எப்படி வெளியே வந்தது? அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண், விசாரிக்க வந்த மாஜிஸ்டிரேட்டிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். சக போலீஸ்காரர்கள் வெளியே நின்றுகொண்டிருந்த நேரத்தில் சொன்னார். போலீஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வியாபாரிகள் மாநிலம் முழுக்கக் கடையை அடைத்தார்கள். ஐகோர்ட்டு மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. ஒன்பது போலீஸார் மேல் சி.பி.ஐ. கொலைக் குற்றப்பத்திரிகை போட்டது. திருப்புவனத்திலும் அப்படித்தான். ஒருவர் மறைந்திருந்து போனில் எடுத்த படம் இல்லாவிட்டால், வலிப்பு வந்து செத்தான் என்று கதை முடிந்திருக்கும்.

வேலை செய்தது எது என்று பாருங்கள். ஒரு சாட்சி, ஒரு காகிதம், ஒரு படம். அதற்குப் பின்னால் ஒழுங்காக நின்ற ஜனங்கள்.

“தோழரே, இதெல்லாம் கோர்ட்டு வேலை, வருஷக்கணக்கில் இழுக்குமே, அதற்குள் நியாயம் செத்துவிடுமே” என்று ஒரு வாலிபத் தோழர் போன வாரம் என்னிடம் கேட்டார். இழுக்கும். பொய் சொல்லமாட்டேன். அவருக்கு வாச்சாத்தியைத்தான் பதிலாகச் சொன்னேன்.

தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை 155 பேர், போலீஸ் 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், ஆக 269 சர்க்கார் ஊழியர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்களைக் கெடுத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். வெளியுலகத்துக்கு ஒன்றும் தெரியாது. மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்களும் நமது கட்சித் தோழர்களும் அந்த ஊருக்குப் போனபோது வீடுகளில் ஆள் இல்லை. காட்டில் ஒளிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். சர்க்கார் என்ன சொன்னது? அப்படி ஒன்றும் நடக்கவில்லை, அவர்கள் கடத்தல்காரர்கள் என்றது.

அந்த ஜனங்களுக்கு ஆத்திரம் இல்லையா? நம்மைவிட ஆயிரம் மடங்கு இருந்திருக்கும். கையில் அரிவாளும் இருந்தது. ஆனால் அவர்கள் ஒரு பாரஸ்ட் ஆபீசையும் கொளுத்தவில்லை. தோழர் நல்லசிவன் பேரில் மனுப் போட்டு வழக்கு நடந்தது. 1995-ல் ஐகோர்ட்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கோர்ட்டில் நின்று, இவன்தான், இவன்தான் என்று ஆளைக் காட்டினார்கள். வாய்தா நாட்களில் பஸ் செலவுக்கு வழி செய்ததும், சாட்சியை மிரட்ட வந்தவனைத் தடுத்ததும், சோர்ந்து போனவர்களைத் தேற்றியதும் ஸ்தாபனம் செய்த வேலை. 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு. 269 பேரில் 54 பேர் வழக்கு நடந்த காலத்திலேயே செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை இல்லை! அப்பீல் போனார்கள். ஐகோர்ட்டு நீதிபதி கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் அப்பீல் எல்லாம் தள்ளுபடி. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தக் காலத்துக் கலெக்டர், எஸ்.பி. மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

31 வருஷம். நீண்ட காலம்தான். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போன பெண் இன்றைக்குப் பாட்டியாக நிற்கிறாள். சுலபமான வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆம்பூர்க் கணக்கையும் வாச்சாத்திக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 215 பேர் தண்டனை பெற்றார்கள், எல்லோரும் சர்க்கார் ஆட்கள். இங்கே 22 பேர் தண்டனை பெற்றார்கள், எல்லோரும் ஊர் ஜனங்கள்.

இதில் நம் தப்பையும் சொல்லாமல் போனால் நான் யோக்கியன் இல்லை. 2015 ஜூன் 15-லிருந்து 19 வரை அந்தப் பையன் உள்ளே இருந்த நாட்களில், தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் எங்கே இருந்தோம்? அவன் தொழிலாளி இல்லையா? ஸ்டேஷன் வாசலில் நாம் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால்? போனஸுக்கு வாசல் கூட்டம் போடுகிறோம், பி.எஃப். பிடித்ததைக் கட்டவில்லை என்று மனுக் கொடுக்கிறோம். நல்லது. ஆனால் தொழிலாளியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால், “அது அவன் சொந்த விவகாரம், பெண் விவகாரம், மத விவகாரம்” என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நாம் ஒதுங்கிய இடத்தில் வேறு யாரோ வந்து நிற்கிறார்கள். 27-ந் தேதி ராத்திரி அந்தக் கூட்டத்தை நடத்த ஆள் இல்லை என்று சொன்னேன். அதில் நம் பங்கும் உண்டு.

கிராமத்திலும் இதே கதைதான். கூலி பாக்கியைக் கேட்ட விவசாயத் தொழிலாளிமேல் மோட்டார் திருடினான் என்று புகார் கொடுத்தால், அன்றைக்கே ஸ்டேஷனில் பஞ்சாயத்து. நிலக்காரருக்கு நாற்காலி, கூலிக்காரன் தரையில். சிவில் தகராறைத் தீர்த்துவைக்கப் போலீசுக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும், அந்தப் பஞ்சாயத்துக் கலைந்துவிடும். ஆனால் தனியாக எழுந்து கேட்பது கஷ்டம். ஆகவேதான் சங்கம்.

போலீஸ்மேல் புகார் என்றால் யாரிடம் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, போலீஸ்மேல் வருகிற புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும், அதற்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்று சொன்னது. தமிழ்நாட்டில் 2013-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதில் மாநில அமைப்புக்கு யார் தலைவர்? உள்துறைச் செயலாளர். பக்கத்தில் யார்? டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டர். மாமியார் அடித்தாள் என்று மாமியாரிடமே போய் முறையிடுகிற கதை! 1855-ல் குடியானவனுடைய மனு தாசில்தாரிடமே திரும்பி வந்ததே, அதற்கும் இதற்கும் எத்தனை முழம் வித்தியாசம்? அந்த அமைப்புக்கு ஓய்வு பெற்ற நீதிபதிதான் தலைவராக இருக்க வேண்டும், போலீஸ் அதிகாரி அதில் உட்காரக்கூடாது என்பது நம் கோரிக்கை. எந்தக் கட்சி சர்க்கார் கோட்டையில் இருந்தாலும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கலாமா? முடியாது. லாக்கப்பில் ஒருவர் செத்தால் போலீஸ் விசாரணையோடு விடக்கூடாது, மாஜிஸ்டிரேட் விசாரிக்க வேண்டும் என்று 2006 முதல் அமலில் உள்ள சட்டம் சொல்கிறது. இப்போதைய புதிய சட்டத்திலும் 196-வது பிரிவில் அது இருக்கிறது. உடலைப் பிரேதப் பரிசோதனை செய்யும்போது வீடியோ எடுக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். குடும்பம் தரப்பில் ஒரு டாக்டர் உடன் இருக்க அனுமதி கேளுங்கள். பணம் தருகிறோம், வேலை தருகிறோம், ராத்திரியோடு ராத்திரியாக அடக்கம் செய்துவிடுங்கள் என்று ஊர்ப் பெரிய மனிதர்களை வைத்துப் பேசுவார்கள். அப்போது அந்தத் தாய்க்குப் பக்கத்தில் நம் பெண் தோழர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பேர் கூடுங்கள். ஆனால் தொண்டர் படை கையில் கயிறு பிடித்து நிற்கட்டும். இருட்டுவதற்கு முன் கூட்டம் முடியட்டும். முகம் தெரியாதவன் கல்லை எடுத்தால் அவன் கையைப் பிடித்து, நீ எந்த ஊர், யார் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றையும் நம் ஆளே படம் பிடிக்கட்டும்.

இங்கே மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை இருக்கிறது. அதில் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஆலையிலிருந்தும் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் இரண்டு இரண்டு பேர், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், பேரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தாய் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர்கள் மட்டும் எழுதுங்கள். நாலு வக்கீல் தோழர்கள் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் சங்க ஆபீசுக்கு வருகிறார்கள். மனு எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று கற்றுக் கொடுப்பார்கள். எழுதத் தெரியாதவர்களும் வாருங்கள். பார்த்ததைச் சொல்லத் தெரிந்தால் போதும், எழுதுவதற்குப் பக்கத்தில் ஆள் இருக்கும்.